கைக்குட்டையில் ஒரு கொடி

அஞ்சல்தலை சேர்ப்போர் உண்டு. நாணயம் சேர்ப்போர் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்போரும் நம் விடுதியிலேயே உண்டு. பழந்துணி சேர்ப்போர் மிகச் சிலரே. அவர்களுள்ளும், நாட்டுப்பற்றைக் காட்டும் படங்கள் அச்சிட்ட பழந்துணிகளைத் தேடி அலைவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். "கந்தல் பொறுக்கவா கல்லூரிக்கு வந்தாய்?" என்று நண்பர்கள் என்னை எள்ளி நகையாடுவதுண்டு. அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இந்தப் பித்து எனக்குப் பிடித்த இடம் சித்தூரில் என் பாட்டியின் வீடு. அங்கே ஒரு பழைய டிரங்குப் பெட்டி. அதன் அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கைக்குட்டை. நடுவில் காந்தியடிகளின் உருவம். நான்கு மூலைகளிலும் மூவண்ணக் கொடி. ஓரத்தில் கொடியும் இலையுமாகப் பின்னிய கரை. பாட்டி அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரே கதையைத்தான் சொல்வார்: "எங்கப்பா உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் போனப்ப கையில இருந்த குட்டைடா இது. கதர்க் குட்டை. போலீஸ்காரன் அடிச்சப்ப கூட விடலியாம்."

1930-ஆம் ஆண்டின் கைக்குட்டை! அதைப் பார்த்தவுடன் என் உடல் சிலிர்த்தது. இதுபோன்ற துணிகள் இன்னும் எத்தனை வீடுகளில் உறங்குகின்றனவோ என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேடக் கற்றேன். கற்றதன் விளைவு, என் பாட்டியின் கதையையே ஐயுற வேண்டியதாயிற்று. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

சீட்டித் துணியும் நாட்டுப்பற்றும்

துணிக்கும் நாட்டுப்பற்றுக்கும் உள்ள தொடர்பு நம் நாட்டில் தோன்றியது என்றே நான் எண்ணியிருந்தேன். வரலாறு வேறு சொல்லுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சீட்டித் துணி ஐரோப்பாவையே மயக்கிற்று. வெளுத்தாலும் போகாத சாயத்தை அந்நாட்டார் அதுவரை கண்டதில்லை. அந்நாடுகளின் நெசவாளர்கள் வயிற்றில் அடி விழுந்தது. பிரெஞ்சு அரசு 1686-இல் சீட்டித் துணியைத் தடை செய்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டமும், 1721-இல் அதனினும் கடுமையான மற்றொரு சட்டமும் இயற்றியது. பின்னது அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கிற்று. 1719-இல் இலண்டன் நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்து எறிந்தனர் என்றால் அன்றைய வெறியை உணரலாம். அந்நியத் துணி பகிஷ்காரம் என்னும் பாடத்தை நமக்கு முன்னரே வெள்ளையர் படித்திருந்தனர் அன்றோ? அன்று பகிஷ்கரிக்கப்பட்டது நம் துணி, அவ்வளவே வேற்றுமை.

தடை ஒருபுறம் இருக்க, நம் தொழில் நுட்பத்தைக் கற்கவும் அவர்கள் தவறவில்லை. இங்குத் தொண்டாற்றிய கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், நம் சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளை 1742-இல் விரிவாகக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். 1760-இல் ஓபர்காம்ஃப் என்பவர் பாரிசு நகருக்கு அருகில் ஷூயி என்னும் ஊரில் துணி அச்சிடும் சாலையை நிறுவினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அச்சாலையிலிருந்து வெளிவந்த துணி ஒன்றில், 1790-இல் நடந்த தேசியப் பெருவிழாவே படமாக அச்சாகியிருந்தது. வரலாற்று நிகழ்ச்சியைத் துணியில் பதித்து வீட்டில் தொங்கவிடும் வழக்கம் ஐரோப்பாவில் இவ்வாறு பரவிற்று.

பின்னர்க் காற்று திசை மாறியது. 1783-இல் தாமஸ் பெல் என்பவர் செதுக்கிய உருளையால் துணி அச்சிடும் பொறிக்கு உரிமம் பெற்றார். கட்டை அச்சில் ஒரு நாளில் ஆகும் வேலை உருளையில் சில நிமிடங்களில் முடிந்தது. 1869-இல் அலிசரின் என்னும் செயற்கைச் சிவப்புச் சாயம் சந்தைக்கு வந்தது. நம் கடற்கரை மணலில் தோண்டியெடுத்த சாயவேரை அதன்பின் கேட்பாரில்லை. நம்மிடம் கற்ற கலையையே மலிந்த விலையில் நம்மிடமே விற்கலாயினர்.

படமும் நூலும்

இந்தப் பின்னணியில்தான் 1905-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்துக் கூட்டத்தில் அந்நியப் பொருள் விலக்கு முழங்கிற்று. 1921 ஜூலை 31-இல் பம்பாயில் அந்நியத் துணிக் குவியலுக்குக் காந்தியடிகள் தீ மூட்டினார். அவ்வாண்டு செப்டம்பர் 22-இல் மதுரையில் நாலு முழ வேட்டிக்கு மாறினார். துணியே அரசியலாயிற்று.

ஆனால் இங்கே ஒரு முரண்பாடு உண்டு. சேர்ப்போர் முதலில் அறிய வேண்டியதும் இதுவே. ஒரு துணியில் நாட்டுப்பற்றுப் படம் இருப்பதாலேயே அத்துணி நாட்டுப்பற்றுடையது ஆகிவிடாது. மாஞ்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணி உருப்படிகளின்மேல் அழகிய வண்ணப் படச்சீட்டுகளை ஒட்டி அனுப்பின. அவற்றில் நம் தெய்வங்களும் புராணக் காட்சிகளும் கொலுவிருந்தன. கிருஷ்ணன் படத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டவர் வாங்கியது இலங்காஷயர் துணி! வணிகனுக்கு வாங்குவோரின் பக்தியும் ஒரு சரக்குத்தான். தெய்வ பக்தியானால் என்ன, தேச பக்தியானால் என்ன?

மறுபுறம், உண்மையான கதரில் பெரும்பாலும் படம் ஏதும் இராது. முரட்டு நூல், வெள்ளை நிறம், அவ்வளவே. 1925-இல் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கம் கதரை வளர்த்தபோது, படத்தை நம்பி அதைச் செய்யவில்லை. கையால் நூற்றதா, கையால் நெய்ததா என்பதே அங்குக் கேள்வி. ஆகவே சேர்ப்போன் இரண்டு கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கண் படத்தின்மேல். மற்றொரு கண் நூலின்மேல்.

படத்தைப் படிப்பது எப்படி?

படத்தின் வயதைக் காட்டுவதில் கொடியைப்போல் உதவுவது வேறில்லை. 1921-இல் பெஜவாடாவில் காங்கிரசுக் குழு கூடியபோது காந்தியடிகளிடம் ஒரு கொடியின் வரைவைத் தந்தவர் பிங்கலி வெங்கய்யா. பருத்தி ஆராய்ச்சியில் ஈடுபட்டதால் 'பருத்தி வெங்கய்யா' என்றே ஆந்திர மக்கள் அவரை அழைத்தனர். அவர் வாழ்ந்த மசூலிப்பட்டினப் பகுதியும் துணி அச்சுக்குப் பேர்போனது என்பது எண்ணி மகிழத்தக்கது. அக்கொடி திருத்தம் பெற்று வெள்ளை, பச்சை, சிவப்பு என்னும் பட்டைகளும் ராட்டையும் உடையதாயிற்று. 1931-இல் காவி, வெள்ளை, பச்சை என நிறமும் வரிசையும் மாறின. ராட்டை நடுவில் நின்றது. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை ராட்டைக்குப் பதிலாக 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரத்தை ஏற்றது.

இம்மூன்று ஆண்டுகளையும் மனத்தில் இருத்தினால் போதும். காவிக் கொடியில் ராட்டை இருப்பின் துணி 1931-க்கு முந்தியதாக இராது. சக்கரம் இருப்பின் 1947-க்கு முந்தியதாக இராது. கவனிக்க: இது காட்டுவது முன்னெல்லை மட்டுமே. ராட்டைக் கொடியை இன்றுகூட ஒருவர் அச்சிடலாம். 'இதற்கு முந்தியதன்று' என்று படம் சொல்லும். 'இதற்குப் பிந்தியதன்று' என்று அது ஒருபோதும் சொல்லாது.

காந்தியடிகளின் உருவமும் இத்தகைய சான்றே. இடுப்பு வேட்டி மட்டும் உடுத்திய காந்தி 1921-க்குப் பிந்தியவர். பாரதமாதாவுக்குப் பின்னால் தேசப்படம் வரைந்திருந்தால் அதன் எல்லையைப் பாருங்கள். பர்மா சேர்ந்திருந்தால் அது 1937-க்கு முந்திய இந்தியாவின் படம். இரு பக்கமும் குறைந்திருந்தால் அது பிரிவினைக்குப் பிந்தியது.

இச்சிறு அறிவு இல்லாததால் நானே ஒருமுறை ஏமாந்தேன். திருப்பதியில் ஒரு கடையில் பாரதமாதா எழுதிய கலம்காரித் துணி ஒன்றை, நூறாண்டுப் பழமை என்று சொல்லி விற்றார்கள். நிறம் மங்கிப் பழுப்பேறி இருந்தது. உணவுச் செலவுக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டேன். விடுதிக்கு வந்து விரித்துப் பார்த்தபோதுதான் மாதாவின் பின்னே இருந்த தேசப்படம் கண்ணில் பட்டது. லாகூரும் இல்லை, டாக்காவும் இல்லை. பிரிவினைக்குப் பிந்திய இந்தியா! நூறாண்டு எங்கே போயிற்று?

காளத்தியில் கற்றது

அந்தத் துணியையும் பாட்டியின் கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீகாளஹஸ்திக்குப் பேருந்து ஏறினேன். கண்ணப்பர் கண் கொடுத்த அதே திருக்காளத்திதான். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. கையால் எழுதும் கலம்காரிக்கு இவ்வூரே தாயகம். கலம் என்பது எழுதுகோல். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். அச்சுற்றைப் பிழியப் பிழிய மை நுனிக்கு இறங்கும்.

ஒரு முதிய கலைஞர் தம் வீட்டுத் திண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார். தெலுங்கில்தான் பேசினார். நான் வாங்கிய பாரதமாதாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், ஒரு மூலையை நனைத்துத் தேய்த்தார், சிரித்தார். "பாபு, இது தேநீரில் ஊறிய பழமை. நிறமெல்லாம் கடைச் சாயம்" என்றார். பின்னர், தம் தொழிலை எனக்கு ஒவ்வொரு படியாக விளக்கினார்.

முதலில் காடாத் துணியை அலசிக் கஞ்சியைப் போக்குகிறார்கள். கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றும். பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது. புளியங்குச்சிக் கரியால் உருவைக் கீறுகிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள் புளிக்கவைத்த நீர்தான் கறுப்பு மை. அது கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டவுடன் கறுக்கிறது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீரை எழுதி, ஓடும் தண்ணீரில் அலசி, சாயச் சரக்கோடு சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும். மற்ற இடம் வெளுப்பில் போய்விடும். மஞ்சளும் நீலமும் பின்னர். ஏறக்குறைய இருபது படிகள். நடுநடுவே சொர்ணமுகி ஆற்றில் அலசல். ஆற்றில் நீரில்லாத மாதத்தில் தொழிலும் இல்லை என்பது பழைய நிலை.

கோயில் தேருக்கும் திரைச்சீலைக்கும் இராமாயண, பாரதக் கதைகளை எழுதி, ஓரத்தில் தெலுங்கில் விளக்கமும் எழுதுவதே காளத்தி மரபு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இத்தொழில் அழியும் நிலைக்கு வந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாயாவின் முயற்சியால் அகில இந்திய கைவினை வாரியம் 1957-இல் இங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கிற்று. ஜொன்னலகட்டா லட்சுமய்யா அதில் ஆசிரியராயிருந்து இளைஞர்களைப் பழக்கினார். அவர் மகன் குருப்ப செட்டி 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆகவே 'பழைய காளத்தித் துணியில் பாரதமாதா' என்று எவரேனும் விற்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். புராணமே அம்மரபின் உயிர்.

பிறகு கைக்குட்டையை நீட்டினேன். பெரியவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "முதலில் துணியைத் திருப்பிப் பார், பாபு" என்றார். பின்புறம் நிறம் வெளிறியிருந்தது. "எழுதியதானால் கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். கட்டையில் அச்சிட்டதானால் ஒரு கட்டை முடிந்து மறு கட்டை சேரும் இடத்தில் சிறு இடைவெளியோ மிகையோ தெரியும். இதைப் பார். எங்கும் ஒரே மெல்லிய கோடு. நிழலெல்லாம் ஊசிமுனைப் புள்ளி. இது பொறி அச்சு" என்றார். பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்தார். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமன். கையால் நூற்ற நூல் இப்படி இராது. "கதரும் இல்லை" என்றார் மெதுவாக.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அன்றிரவு விடுதியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு மூலைக் கொடிகளை ஆராய்ந்தேன். மடிப்பும் கறையும் மறைத்ததால் இதுவரை நான் உற்றுப் பார்க்காதிருந்த இடம் அது. மூன்று கொடிகளில் ஒன்றும் தெளிவில்லை. நான்காவதில் தெரிந்தது. ஆரங்களை எண்ணினேன், இருபத்திரண்டுக்கு மேல் மை கலந்துவிட்டது. எண்ணிக்கை எதுவானாலும் ஒன்று உறுதி: அது ராட்டையன்று, சக்கரம். 1930-இல் இந்தக் கைக்குட்டை பிறக்கவே இல்லை.

பாட்டியின் விடை

இதைப் பாட்டியிடம் சொல்வதா, வேண்டாமா? எண்பது வயதைக் கடந்தவர். தந்தையின் நினைவாக அவரிடம் எஞ்சியிருப்பது அந்தக் கைக்குட்டை ஒன்றே என்று எண்ணினேன். இரண்டு மாதம் சொல்லவில்லை. விடுமுறையில் சித்தூர் சென்றபோது பாட்டியே கேட்டார்: "காளாஸ்திக்கு எடுத்துட்டுப் போனியே, என்னா சொன்னாங்க?" பொய் சொல்ல நாவெழவில்லை. சக்கரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா போனது நிஜம்டா. முதுகுல தழும்பு இருந்தது, நான் எண்ணெய் தேச்சு விட்டிருக்கேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "குட்டையப் பத்திச் சொன்னது எங்கம்மா. அவங்களுக்கும் யாரு சொன்னாங்களோ" என்றார்.

எழுந்து சென்று அதே பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தார். கைக்குட்டையைச் சுற்றியிருந்த செய்தித்தாளுக்கும் கீழே, பெட்டியின் துருப் படாதிருக்க விரித்திருந்த துண்டு. பழுத்த வெள்ளை, ஒரு பக்கம் துருக்கறை. படமில்லை, எழுத்தில்லை, கொடியில்லை. நூலைப் பார்த்தேன். ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்து, கை நூற்ற நூல். "இது யாருடையது பாட்டி?" என்றேன். "அப்பாவோடதுதான். இதுல என்னா இருக்குது பாக்க?" என்றார்.

அத்துண்டின் வயதை என்னால் மெய்ப்பிக்க இயலாது. 1930-ஆக இருக்கலாம், 1950-ஆகவும் இருக்கலாம். கொடி இருந்தால் காலம் சொல்லியிருக்கும். வெறுந்துணி வாய் திறவாது. என்றாலும் இப்போது என் சேகரிப்பின் முதல் உருப்படி அதுவே. கைக்குட்டை இரண்டாவது. பாட்டியின் கதையை நான் அழிக்கவில்லை. கைக்குட்டையோடு இணைத்த சீட்டில் 'வீட்டார் சொல்வது' என்று ஒரு பக்கமும், 'துணி சொல்வது' என்று மறு பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன். விடுதலை பெற்ற நாட்டின் கொடியை ஒரு குடும்பம் எத்துணை ஆவலோடு வாங்கிப் பொத்திவைத்தது என்பதற்கு அதுவும் சான்றன்றோ?

சேர்க்க விரும்புவோர்க்குச் சில சொற்கள்

பழந்துணியை வாங்கியவுடன் துவைக்காதீர்கள். நனைந்த பஞ்சை ஓர் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் நீர் ஆகாது. வெயிலில் விரிக்காதீர்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிப்பிலேயே இற்றுவிடும்; சிறு துணியை விரித்து வையுங்கள்; பெரியதைக் குழாயில் சுருட்டுங்கள். செய்தித்தாளில் சுற்றுவது பெருந்தவறு. தாளின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். வெளுத்த பழைய பருத்தித் துணியே நல்ல உறை. வசம்பைத் தனிப் பையில் கட்டிப் பெட்டியில் போடுவது நம் பாட்டிமார் கண்ட வழி. கலம்காரியில் கறுப்புக் கோடுகள் முதலில் இறுவதைக் காண்பீர்கள். மையிலுள்ள இரும்பு நாளடைவில் நூலை அரிக்கிறது. அத்தகைய துணியை மடிக்கவே கூடாது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருளை உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். தேசியக் கொடியைக் கைக்குட்டையிலும் தலையணையிலும் உடைத் துணியிலும் அச்சிடக் கூடாது என்பதும் இன்று சட்டம். எனவே புதிதாக எவரும் அச்சிட்டு விற்றால் வாங்காதீர்கள். பழையதை மதிப்போடு காப்பாற்றுங்கள்.

நல்ல துணிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்க விரும்புவோர் அகமதாபாத் சென்று, 1949-இல் தொடங்கிய காலிகோ துணி அருங்காட்சியகத்தைக் காண வேண்டும். அத்தகைய அருங்காட்சியகம் வேண்டும் என்ற எண்ணத்தை அதன் நிறுவனர்க்கு ஊட்டியவர் நம் ஈழத்து அறிஞர் ஆனந்த குமாரசுவாமி என்பது நாம் பெருமைப்படத் தக்கது.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்கள் இந்த விடுமுறையில் தத்தம் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். மேலே இருக்கும் படத்துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். அடியில் விரித்திருக்கும் துணியையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அது யாருடையது என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.